உறவுக்கார டீச்சர்

"பேரெல்லாம் அப்புறம். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

பென்சிலால் மேசையைத் தட்டினார் டீச்சர். அரைகுறைத் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி யோசித்துப் பார்த்து, "காபி" என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அடி என் தங்கமே, கடைக்காரர் கேட்டா காபி. நான் கேட்டா அண்ணி, மச்சான், சித்தப்பா."

பகலில் கீழே மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். சாயங்காலம் அதே கடையின் மாடியில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, வேற்றுமொழிக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாளே வகுப்பைக் குடும்பமாக்கிவிடுவது அவர் வழக்கம். நர்ஸை அண்ணியாக்கி, வழுக்கைத் தலைக் கணக்கரை அவளுக்குக் கொழுந்தனாக்கினார். கொஞ்ச நேரத்தில் அண்ணி கொழுந்தனை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு கேட்டா அதோட பேச்சு முடிஞ்சிரும். உறவுன்னு வந்துட்டா சண்டை வரைக்கும் போலாம்ல" என்பார் டீச்சர்.

உச்சரிப்பில் மட்டும் இரக்கம் கிடையாது. எப்பேர்ப்பட்ட கொம்பன் பிசகினாலும் பென்சில் தட்டும்.

அன்று அதிகம் தட்டு வாங்கியவர் ஒரு பிளம்பர். வாசல் நிலையில் குனிந்து வரும் உயரம். தமிழ்ப் பெண்ணைக் காதலித்துக் கட்டியவர். அந்தப் பெண் முன்தினம் டீச்சரிடம் போனில் அழுதிருந்தாள்.

"அக்கா, கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. எங்கப்பா இவர ஒரு வாட்டிகூட மாப்ளன்னு கூப்பிட்டதில்ல. அவர எப்படிக் கூப்பிடறதுன்னு இவருக்கும் தெரியல. ஊமைப்படம் ஓடுது வீட்டுல."

அப்பா டாக்சி ஓட்டுபவர். மகள் சொல்லைத் தட்ட முடியாமல் மருமகனைக் கொண்டுவந்து விட்டார். ஆனால் முன் இருக்கையில் சாப்பாட்டுப் பையை உட்கார வைத்துவிட்டு, மருமகனைச் சவாரிக்காரரைப்போலப் பின்னால் ஏற்றியிருந்தார். ஜன்னல் வழியே டீச்சர் அதைப் பார்த்திருந்தார்.

கணக்கரைப் பிளம்பருக்கு மாமாவாக்கினார்.

"மமா" என்றார் பிளம்பர். தட்டு. "மமா." மறுபடியும் தட்டு.

"குழாய்ல தண்ணி வர்ற மாதிரி நீளமா வரட்டும் தம்பி. சொட்டுச் சொட்டா வேண்டாம். மா... மா."

கடைசிப் பாடம் "போலாமா?" கீழே இறங்கியதும் முதலில் பார்க்கும் தமிழரிடம் அதைச் சொல்லவேண்டும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, டீச்சர் பென்சிலோடு ஜன்னலுக்கு ஓடினார்.

டாக்சி நின்றிருந்தது. பிளம்பர் பின்கதவைத் திறக்கவில்லை. முன்ஜன்னலில் குனிந்தார்.

"மமா, போலாமா?"

ஜன்னல் கம்பியைத் தட்ட டீச்சரின் பென்சில் தானாக உயர்ந்தது.

டாக்சிக்காரர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மமா இல்ல. மாமா."

சாப்பாட்டுப் பையை எடுத்துப் பின் இருக்கையில் போட்டார்.

"ஏறுங்க மாப்ள."

"சரி மமா" என்று தப்பாகவே சொல்லிக்கொண்டு முன்னால் ஏறினார் பிளம்பர்.

உயர்ந்த பென்சிலை டீச்சர் மெல்லத் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.