ஊருக்குத் திரும்ப வைத்த வயிற்றுவலி

நாங்கள் ஆம்பூரை விட்டு ஊருக்கே திரும்பி வந்தது எனக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் கிராமம். அடுத்தடுத்து இரண்டு முறை வேர்க்கடலை காய்ந்துபோன வருஷம் ஆம்பூருக்குக் குடிபோனோம். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கிப் போட்டு இரண்டே மாதத்தில் அப்பாவின் கையெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். 'இன்னாங்க, இன்னிக்கும் லீவா?' என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், அன்றைக்கு முழுக்க அவர் யாருடனும் பேசமாட்டார்.

அம்மா அப்படியில்லை. கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதே அவள் சிரிப்பு தெருமுனையில் கேட்கும். கட்டைவிரலில் ஊசி ஏறிய கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒருநாள் என் பள்ளிக்கூட ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் கோணலா போயிருக்கு. நானா இருந்தா இத பாஸ் பண்ணமாட்டேன், ரிஜெக்ட்டு" என்றாள். ஊரில் அவள் எதைப் பற்றியும் அப்படித் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் ஆசைப்பட்டுத்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாள். ஊரில் முதல் ரேங்க் வாங்கியவள், இங்கே ஒரு வரி வாசிக்கத் தெரியாமல் பெஞ்சுமேல் நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதை வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. வயிறு வலிக்கிறது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஒருநாள் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். பிறகு அது பழகிவிட்டது. அம்மா லீவு போட்டுவிட்டு என்னை டாக்டர்களிடம் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் காரம் ஆகாது என்றார்.

அப்படி வலித்த ஒரு காலையில், அம்மா வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில், நான் மொட்டைமாடியில் வீட்டுக்காரர் மகளோடு உட்கார்ந்து மாங்காயை மிளகாய்த்தூளில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த அப்பா எதிரில் நின்றார். எனக்கு விக்கிக்கொண்டது. அவர் கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "அம்மா வர்றதுக்குள்ள கீழ வந்து படுத்துக்கோ, பாப்பா" என்றார்.

உலகத்திலேயே என் அப்பாவைப் போல நல்லவர் கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வாரமே அம்மா இனிப்போடு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் தைக்கும் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அப்பா இனிப்பைத் தொடவில்லை.

"பாப்பாவுக்கு இந்த ஊர் தண்ணி ஒத்துக்கல. நாளுக்கு நாள் எளச்சிக்கினே போவுது. ஊருக்கே போய்டலாம்" என்றார்.

"இப்பவா? இப்பப் போயி இன்னா சொல்றீங்க?"

"உனக்குப் புள்ளய விட வேல ஜாஸ்தியா?"

அம்மா என் பக்கத்தில் வந்து குந்தினாள். "எம்மூஞ்சியப் பாத்து சொல்லு. நெஜமாவே வலிக்குதாடி?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதும்மா" என்றேன்.

பத்து நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு மாதனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். அப்பா வழியெல்லாம் கண்டக்டரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மலை தெரிகிறது, மலை தெரிகிறது என்று கத்தினேன். தலையை ஆட்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பக்கமே கம்பெனி வேன் வர ஆரம்பித்தது. சின்ன வயசுப் பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். அம்மா களை எடுக்கும்போது வேன் கடந்துபோனால் நிமிரமாட்டாள். ஒருமுறைகூட அவள் என்னைக் குறை சொன்னதில்லை. அப்பாவும் நானும் அந்த மாங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது அவர் இல்லை.

ஊருக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் மட்டும் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தெருவெல்லாம் ஓடி, ஏரிக்கரை வரை போய், புழுதியோடு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். காரக்குழம்பு. மூன்றாவது முறையும் சோறு கேட்டேன். போட வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"வலி போய்டுச்சா?"

"போய்டுச்சும்மா. ஊருக்கு வந்ததும் போய்டுச்சு."

என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லது" என்று சொல்லி எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அம்மா நம்பிவிட்டாள் என்று சந்தோஷமாகப் பிசைந்து சாப்பிட்டேன்.