கடல்காகத்தின் வயிற்றில் இருந்தது

கருவாடு காயப்போடும் முன் சோணையம்மாள் ஒரு கை மீனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் மணலில் வீசுவாள். கடல்காகங்கள் அங்கே போய்க் கூடிக்கொள்ளும். வலையில் பரப்பிய மீனை அவ்வளவாகத் தொடா. புதுமடம் கரையில் அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன்.

அவள் கடற்கரைக்காரி இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மழை இல்லாமல் போனதால் புருஷனோடு இங்கே வந்தவள். அவள் ஊரில் நெல்லைக் கொத்தும் மயிலுக்குச் சிலர் விஷம் வைப்பார்கள் என்று அவளே ஒருமுறை எல்லோர் முன்னும் சொன்னாள். அது என் மனதில் கிடந்தது.

போன மாசியில் அவள் மீன் வீசும் இடத்தில் கடல்காகங்கள் செத்துக்கிடந்தன. முதல் நாள் இரண்டு, மறுநாள் நான்கு. அவள் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பா ஒன்றை நான் பார்த்திருந்தேன். கருவாட்டு வியாபாரி ஹமீது சுல்தான் பறவைகளைப் பற்றி விசாரித்தபோது, யாரிடமும் அதிகம் பேசாத நான் அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

அவர் அவளிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள். விஷம் என்று பெயர் நிலைத்துவிட்டால் அவள் இந்தக் கரையைவிட்டே போகவேண்டியதுதான்.

சரக்கு எடுக்காத ஐந்தாம் நாள் ஹமீது சுல்தானை மறித்துக் காரணம் கேட்டாள்.

"மயிலுக்கு வச்ச ஊரு, கடக்காக்காவுக்கு வைக்காதாத்தா? கொட்டகையில மருந்து டப்பா இருக்காமே."

"யாரு சொன்னா பாய்?"

அவர் தன் வண்டிப் பக்கம் திரும்பினார். நான் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தாள். கோணி ஊசியும் சணலும் விழுந்தன. பிறகு அன்று காலை செத்த பறவை ஒன்றை எடுத்து, மீன் கத்தியால் வயிற்றைக் கீறினாள். பாட்டில் மூடி, நைலான் நூல், சுருண்ட கேரிபேக் துண்டுகள். மீன் கொஞ்சம்கூட இல்லை. ஒரு துண்டை மோந்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"மீன் வாடை அடிக்குது பாருங்க. மீனுன்னு முழுங்கியிருக்கு. நாம வீசுற கவருதான் பாய் இது."

அடுத்த பறவைக்குள்ளும் அதுவே இருந்தது. அவர் தன் வண்டியில் தொங்கிய கவர்களைப் பார்த்தார். அன்றே அவளுடைய சரக்கை ஏற்றிக்கொண்டார்.

இப்போது அவள் கருவாடு முன்போல் விற்கிறது. கரையில் கவர்கள் குறையவில்லை. போன வாரமும் மூன்று பறவைகள் செத்தன. சோணையம்மாள் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறாள். டப்பாவைப் பற்றிச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் கேட்கவில்லை.