ராய்ஸ் அழுத்தாத பொத்தான்

ராய்ஸ் பெங்கெல்லி வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவன் கையில் ஸ்டீயரிங் இருக்க வேண்டும். நிற்கிற இடத்தில் அவனிடமிருந்து ஒரு பேச்சும் பெயராது. என் கவுண்டருக்கு முன்னால் வந்து, தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "டீசல், நோலா. ஒரு டீயும்" என்பான். அதோடு சரி. இருபது வருஷமாக அந்த இரண்டு வாக்கியத்தை வைத்தே என்னோடு காலம் தள்ளிவிட்டான்.

என் கடை மல்கா டேங்க் என்கிற இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. டீசல், சமையல், பின்னால் கூடாரம் போட ஒரு மைதானம், மனசு வந்தால் தண்ணீர் விடுகிற ஒரு குளியலறை. வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் ராய்ஸ் ஓபல் கல் தோண்டுகிற ஊர். தெற்கே ஓட்டினால் போர்ட் அகஸ்டா. நடுவில் செம்மண்ணும் உப்புப் புதரும், ஆளைப் பார்த்தால் ஓடுகிற ஈமு கோழிகளும்தான். அவனுக்குக் கல் கிடைத்த வருஷங்களும் உண்டு. அந்த வருஷங்களில் பழைய இயந்திரத்துக்குப் பதில் கொஞ்சம் குறைவாகப் பழைய இயந்திரம் வாங்குவான்.

அவன் மனைவி லோரல் எங்கள் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். ஒன்பது வருஷம் அவனோடு பூமிக்கடியில் குடைந்த வீட்டில் குடித்தனம் செய்தாள். வெயில் வராத, ஜன்னலும் இல்லாத வீடு. பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அடிலெய்டுக்குப் போய்விட்டாள். யார்மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். அதனால் இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

பிரிந்துபோன பெற்றோர் எங்கள் பக்கத்தில் செய்கிற ஏற்பாட்டைத்தான் அவர்களும் செய்தார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் லோரல் தெற்கிலிருந்து காரை எடுப்பாள், ராய்ஸ் வடக்கிலிருந்து. போர்ட் அகஸ்டாவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் பிள்ளைகள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுவார்கள். பாதி வழி என்று பேர். ராய்ஸ் பக்கத்துப் பாதி மட்டும் கொஞ்சம் நீளம். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

பிள்ளைகளை அவன் நேரே வீட்டுக்கும் கூட்டிப் போக மாட்டான். ஜன்னலில்லாத வீட்டில் அவர்களை வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியாது. விடுமுறை முழுக்க ரோட்டில்தான். இன்றைக்கு ஒரு மரத்தடி, நாளைக்கு ஒரு மணல் மேடு, திரும்புகையில் என் மைதானம். வண்டி நகர ஆரம்பித்ததும் அவன் வேறு ஆளாகிவிடுவான். முதலில் கழுகைப் பார்க்கிறவருக்கு முதல் பிஸ்கட். காலையில் பூட்ஸை உதறாமல் போட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். சின்னவன் ஜோனாவுக்கு அப்போது ஆறு வயது, வண்டி கிளம்பினாலே குமட்டும். காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எப்போதும் அவன் மடியில் இருக்கும். டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. தம்பிக்கு முகம் துடைத்து, டப்பாவைக் கழுவி, வரைபடத்தை மடியில் விரித்து அப்பாவுக்கு வழி சொல்லுவாள். இருக்கிற வழி ஒன்றுதான். இருந்தாலும் சொல்லுவாள்.

"இடது பக்கம் போகணும் அப்பா."

"இடது பக்கம் போனா நோலா சமையக்கட்டுக்குள்ள போயிடுவோம் தாயே."

"போலாமே. சிப்ஸ் இருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நின்றிருக்கிறேன். அந்தப் பேச்சும் சிரிப்பும் என் கவுண்டருக்கு முன்னால் நிற்கிற ராய்ஸுடையதுதானா என்று எட்டிப் பார்த்தும் இருக்கிறேன்.

இனி பீக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையகல மஞ்சள் கருவி. எங்களில் தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வண்டியில் வைத்திருப்போம். பொத்தானை அழுத்தினால் வானத்துக்குச் செய்தி போகும், எங்கிருந்தாவது ஒரு விமானம் கிளம்பி வரும். அதை எப்போது அழுத்தலாம் என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும். உயிர் போகிறதென்றால் அழுத்து. மற்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு இரு. ஒரு வருஷம் சிட்னிக்காரர் ஒருவர் கேரவன் அச்சு முறிந்ததற்கு அதை அழுத்திவிட்டார். விமானம் அவர் தலைக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், பண்ணை வேலைக்காரன் ஒருவன் கவிழ்ந்த பைக்குக்கு அடியில் கிடந்தான். அவனுக்கு விமானம் தாமதமாகத்தான் போனது. கால் போய்விட்டது. அந்த மனுஷரின் பெயரை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வசவாகச் சொல்லுகிறோம். என் கடையில்தான் அதிகம் சொன்னோம், அதிலும் நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

அந்த வருஷம் குளிர்கால விடுமுறையில், கிழக்கே எப்போதும் வறண்டு கிடக்கிற ஏரிக்குத் தண்ணீர் வந்திருந்தது. விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. ராய்ஸ் டீசல் போட வந்தான், வண்டியிலிருந்து இறங்கவில்லை. அதனால் பேசினான்.

"பசங்களுக்குக் கூழைக்கடா காட்டிட்டு வந்துடறேன் நோலா. ஆயிரக்கணக்குல வந்து எறங்கியிருக்காம்."

"மேற்க பாத்தியா? கருக்கிட்டு நிக்குது."

"இதெல்லாம் பெய்யற மேகமா? நம்ம ஊரு மேகம், வேடிக்கை பாத்துட்டுப் போயிடும்."

டெஸ்ஸா வரைபடத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜோனா டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்கு சல்யூட் வைத்தான். நானும் வைத்தேன்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக் களிமண் பாதையில் மழை விழுந்தால் அப்புறம் அது பாதையில்லை, பிசைந்த மாவு. போலீஸ் எல்லா மண் பாதைகளையும் மூடிவிட்டது. பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டிய நாளில் லோரல் போர்ட் அகஸ்டாவில் சாயங்காலம் வரை நின்றுவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"எங்கேயாவது சேத்துல மாட்டியிருப்பான்மா," என்றேன். "தண்ணி இருக்கு, சாப்பாடு இருக்கு. வண்டிய விட்டு நகர மாட்டான். ராய்ஸுக்குத் தெரியாததா?"

"அவனுக்குத் தெரியும்," என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள். மேகம் இறங்கி நின்றதில் தேடுகிற விமானமும் பறக்க முடியவில்லை. லோரல் என் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த எதையும் தொடவில்லை.

வெயில் வந்து பாதை இறுகியதும், யாரும் போய்த் தேடுவதற்கு முன்னால் ராய்ஸே வந்து சேர்ந்தான். கூரை வரைக்கும் சேறு. ஜோனா குதித்து இறங்கி, "நோலா! நாங்க வண்டி மேல சேத்துல டைனோசர் வரைஞ்சோம்! அப்பா சாம்பல்ல ரொட்டி சுட்டாரு!" என்று கத்தினான். ஒரு தட்டு சிப்ஸை நின்றபடியே காலி செய்தான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆரோக்கியமாக ஒரு குழந்தை என் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. நான் ராய்ஸைப் பார்த்து, "பொழைச்ச போ" என்று சிரித்தேன்.

டெஸ்ஸா வண்டியிலிருந்து இறங்கவில்லை. லோரல்தான் கதவைத் திறந்து அவளைக் கடைக்குள் தூக்கி வந்தாள். பத்து வயதுப் பெண்ணை, கைக்குழந்தை மாதிரி.

"தம்பிக்கு உடம்பு கொதிச்சிச்சும்மா," என்று அம்மாவின் கழுத்துக்குள் பேசினாள் டெஸ்ஸா. "வாந்தி நிக்கவே இல்ல. டப்பா நெறஞ்சிடுச்சு. அந்த மஞ்சள அழுத்துன்னு அப்பாகிட்ட கேட்டேன். மூணு தரம் கேட்டேன்."

ராய்ஸ் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"டப்பா மீன் ஒத்துக்கல, அவ்ளோதான் லோரல். உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடுத்துட்டே இருந்தேன். விடிஞ்சா ஓடுவான்னு சொன்னேன். ஓடினான்ல?"

"அவன் மூச்சு விடறானான்னு நெஞ்சுல கைய வச்சுட்டே இருந்தேன்," என்றாள் டெஸ்ஸா. "நீ தூங்கிட்ட அப்பா."

அவன் சொன்னது எல்லாமே சரி. நானாக இருந்தாலும் அதே உப்பும் சர்க்கரையும்தான். எங்கள் பக்கத்தில் நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவன் சொன்னது சரியாகப் போனதுதான் எனக்கு உறுத்தியது. தப்பாகப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அந்தப் பெண் மட்டும்தான் யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

லோரலை வெளியே கூட்டிப்போய், "பெருசு பண்ணாதம்மா," என்றேன். "அவன் ஏன் அழுத்தலன்னு உனக்குத் தெரியாதா? நீயும் இந்த மண்ணுல பொறந்தவதான?"

"தெரியும் நோலா. அதனாலதான் பயமா இருக்கு. தெரியாம விட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்." அவள் அழவில்லை. "அடுத்த தரமும் அழுத்த மாட்டான். உன் கடையில நாலு பேர் சிரிப்பாங்கன்னு அழுத்த மாட்டான். ஒன்பது வருஷம் அவன்கூட இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளைகள் விஷயமாக லோரல் வழக்குப் போட்டாள். அங்கே என்ன நடந்தது என்று ராய்ஸ் என்னிடம் சொன்னது, திரும்பி வரும்போது வண்டியில் உட்கார்ந்தபடியேதான். கருவி கையில் இருந்ததா என்று கேட்டார்களாம். இருந்தது என்றானாம். ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார்களாம்.

"யாரும் சாகலியேன்னேன் நோலா. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

நான் விளக்கவில்லை. விளக்கினாலும் அவனுக்குப் புரிந்திருக்காது. எனக்கே லோரல் சொன்ன பிறகுதான் புரிந்தது.

பிள்ளைகளை நகரத்தை விட்டு வெளியே கூட்டிப்போகக் கூடாது, மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு அறையில், மேற்பார்வைக்குக் கூட ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்க, இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று தீர்ப்பானது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக ராய்ஸ் ஒரு பகல் முழுக்க ஓட்டிப் போவான், இன்னொரு பகல் முழுக்க ஓட்டி வருவான். போகும்போது என் மைதானத்தில் தங்கி, காலையில் குழாயடியில் முகம் மழித்து, நான் தேய்த்துக் கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கொள்வான். நாலு சுவருக்குள், நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். ராய்ஸுக்குத் தலைகீழாக நின்றாலும் வராத காரியம் அது ஒன்றுதான். அவனிடமிருந்து எதைப் பறித்தோம் என்று தீர்ப்பு எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பாவாக இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் ரோடு.

"என்ன பேசினே?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஸ்கூல் எப்படின்னு கேட்டேன். நல்லாருக்குன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறம் கடிகாரத்தப் பாத்தேன்," என்றான்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அவன் குழாயடியில் நிற்கிறான், என் கடை போன் அடிக்கிறது. எங்கள் பக்கத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. எடுத்தால் டெஸ்ஸா.

"நோலா, அப்பா அங்க இருக்காரா?"

"முகம் மழிக்கறான்டி கண்ணு. கூப்பிடவா?"

"வேணாம். நீங்களே சொல்லிடுங்க." குரல் பெரிய பெண் குரலாகிவிட்டிருந்தது. "இனிமே வர வேணாம்னு சொல்லுங்க. அந்த ரூம்ல கூட உக்கார்ற அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவரு ஸ்கூல் எப்படின்னு கேக்கறாரு. நாங்க நல்லாருக்குங்கறோம். அதுக்காக அவ்ளோ தூரம் ஓட்டிட்டு வர்றாரு. திரும்பிப் போறப்ப வழியில ஏதாவது ஆனாக்கூட அவரு யாரையும் கூப்பிட மாட்டாரு. அவரு வந்துட்டுப் போற ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரல."

"ஜோனா என்ன சொல்றான்?"

"அவனுக்கு அங்க இருக்கற ரயில் பொம்மைதான் பிடிக்கும்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ராய்ஸ் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இருந்த சாமர்த்தியமெல்லாம் கைவிட்டுப் போயிற்று. அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவன் கேட்டுக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லு என்றான். சொன்னேன்.

"அவ்ளோதானா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பான்னா உசுருன்னும் சொன்னா," என்றேன்.

ராய்ஸ் என்னைப் பார்த்தான். கோபமில்லை.

"அத அவ சொல்லல நோலா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் வந்துட்டுப் போனா தூக்கம் வரலன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"அப்ப தூங்கட்டும்," என்றான்.

படுக்கையைச் சுருட்டி வண்டியில் போட்டான். டீயை முழுசாகக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது ஏதாவது பேசுவான் என்று கதவருகிலேயே நின்றேன். அவன் பேசவில்லை. வண்டியை வடக்கே திருப்பினான். அவன் ஊரிலேயே டீசல் கிடைக்கும். இந்தப் பக்கம் வர அவனுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.