ஏரி விற்ற வடிவேல்

ரங்கூன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் கப்பல் டிக்கெட் விற்கும் ஒரு ஆபீஸில் வடிவேல் குமாஸ்தாவாக இருந்தார். 1926-ல் அவருக்கு வயது முப்பத்திரண்டு. சீமையை அவர் கனவில்கூடக் கண்டதில்லை. நாகப்பட்டினத்தில் ஏறி ரங்கூனில் இறங்கியதுதான் அவருடைய கப்பல் அனுபவம் எல்லாம். அதிலும் பாதி வழி தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் உள்ள ஏரிகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தத் துரையும் டிக்கெட் எடுப்பதில்லை.

மாசி பிறந்து வெயில் ஏறியதும், புதுசாகக் கல்யாணமான துரைமார் மனைவியோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது வடிவேலுக்கு வாய் திறக்கும் பாருங்கள்! சுவரில் தொங்கும் படங்களும், போய்வந்தவர்கள் சொன்ன குறைகளும்தான் அவருடைய படிப்பு. கோமோ ஏரியில் மலையைப் பார்த்த அறை வேண்டாம், தண்ணீரைப் பார்த்த அறையாகக் கேளுங்கள் என்பார். லூசர்னில் சாயங்காலப் படகுதான் சுகம் என்பார். மூன்று ஏரிக்கு மேல் போகாதீர்கள், நாலாவது ஏரியில் சண்டை வந்துவிடும், மாமியாரையோ எந்த ஏரிக்கும் அழைத்துப் போகாதீர்கள் என்பார். நிலா வெளிச்சத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தால் துரையின் கை தானாக மனைவியின் கையைத் தேடிப் போகும். ஹெட் கிளார்க் ஊ தின் பர்மாக்காரர், லேசில் சிரிக்காதவர். அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது இந்த வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் வடிவேல் வீட்டுக்குப் போவார்.

லத்தா பேட்டையில் ஒரு சீனர் கடைக்கு மேலே வீடு. அம்சவேணியைக் கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. "சோறு போடு." "கதவைச் சாத்து." இதற்கு மேல் அவளிடம் பேசியதாக அவருக்கே ஞாபகம் இருக்காது. கெட்ட மனுஷன் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. கட்டிய மனைவியிடம் பேச என்ன இருக்கிறது என்று உண்மையாகவே நினைத்தார், பாவம்.

பக்கத்து அறையில் தைலம்மாள். அவள் புருஷன் பொன்னுத்துரை அதே ஆபீஸில் பியூன். வடிவேல் பகலில் அளந்ததெல்லாம் சாயங்காலமே அவன் மூலமாக அவளுக்கு வந்துவிடும். "என்னடி, இன்னிக்கு உன் வீட்டுக்காரரு நிலாவையே ஏரியில எறக்கிட்டாராமே?" என்பாள். அம்சவேணி சிரித்துவைப்பாள். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அந்தப் பங்குனியில், ஆற்றுக்கு அந்தப்புறம் சிரியம் என்ற ஊரில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த அவள் அண்ணன் நல்லப்பன் ஊருக்குப் புறப்பட்டான்.

"அண்ணன் என்னையும் கூப்பிடுது. போகட்டுமா?" என்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றார் வடிவேல்.

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. 'போகாதே' என்று ஒரு சொல் வராதா என்று அவள் மோர்ச் சட்டியோடு நின்றது கண்ணில் படவில்லை. மனைவியைப் பார்த்து ஒரு துரை 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டால் அந்தப் பயணம் உருப்படாது என்று பொன்னுத்துரைக்குப் பாடம் நடத்தியவரும் இவர்தான்.

"அப்ப டிக்கெட்டை நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள். தைலம்மாளிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னாள்: "போனா, திரும்பி வருவேன்னு எனக்குத் தோணலைக்கா."

அந்த வாரமே ஒரு நாள் காலை. மரக்கம்பெனித் துரை ஒருவரும் அவருடைய புது மனைவியும் எதிரே இருந்தார்கள். வடிவேல் இரண்டு கையையும் விரித்து ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசலில் தைலம்மாளோடு அம்சவேணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! விரித்த கை விரித்தபடியே நின்றது.

ஊ தினுக்கு அவள் யாரென்று தெரியாது. "அந்த அம்மாவை ஏன் நிக்க வைக்கிறது? கவனி" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். துரையும் அவசரமில்லை என்று சொல்லி, நாற்காலியை விட்டு எழுந்து மனைவியோடு தள்ளி நின்றார்.

பழக்கதோஷம் யாரை விட்டது? "உட்காருங்கம்மா" என்றார் வடிவேல், தாலி கட்டியவளைப் பார்த்து. பொன்னுத்துரை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்தாள். "நாகப்பட்டினத்துக்கு ஒரு டிக்கெட்டு."

அவரும் பேனாவை எடுத்து, எல்லோரிடமும் கேட்கிறதைக் கேட்டார். "போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்றதுக்கும் சேர்த்தா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் வடிவேலுக்குத் திக்கென்றது. அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள் மெல்ல. "அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு புரியல. ஆனா இந்தச் சிரிச்ச மூஞ்சிய நம்ம வீட்டுல நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

அத்தனை ஏரியையும் கரைத்துக் குடித்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துக்கொண்டே இருந்தார். அவள் போய்விடுவாள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீ இல்லாட்டி எனக்கு அந்த வீட்டுக்கு வரவே பிடிக்காது, அம்சா!"

அளவு தெரியாமல் கத்திவிட்டார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. துரைசானிக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊ தின் மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அம்சவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டிக்கெட்டு வேணாம். சாயங்காலம் இந்த ஊரு ராயல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாம ரெண்டு பேரும் மட்டும்." தைலம்மாள் முகம் தொங்கிப்போயிற்று. ஏரி என்றதும் அவள் தானும் கிளம்பிவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

ரங்கூனுக்கு வந்து இத்தனை வருஷத்தில் வடிவேல் அந்த ஏரிக்கரையை மிதித்தது அன்றைக்குத்தான். இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள். பெரிய பகோடா கோபுரத்தின் பொன் நிறம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. வடிவேல் தொண்டையைக் கனைத்தார்.

"கோமோ ஏரியில பாரு, இந்த நேரத்துக்கு மலையோட நிழலு..."

"அந்த ஏரி அங்கயே கிடக்கட்டும். காலையில ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. வேர்த்தது. புல்லைப் பிடுங்கினார். அவள் விடுவதாக இல்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சொன்னார், அவள் காதுக்கு மட்டும் எட்டும்படி.