பாட்டுக்கும் பர்மிட்டா?

சினிமாப் பாட்டுக்குத் தடை வரப்போகிறது, என் மைக் செட் தொழில் படுத்துவிடும் என்பதை நான் ஒரு கம்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு சின்னக் கட்சியின் கூட்டம். வியாபாரிகளும் பெரியவர்களும் சேர்ந்து நடத்திய கட்சி அது. சர்க்கார் தலையீடு குறைய வேண்டும், பழைய ஒழுக்கம் நிலைக்க வேண்டும் என்று ஒரே மேடையில் இரண்டையும் பேசுவார்கள். முக்கியமானவர்கள் இருவர்: ரைஸ் மில் முதலாளி, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர்.

கூட்டம் தொடங்கும் முன் காற்றில் ஒரு குழாய் ஸ்பீக்கர் சரிந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைக்காமலே கட்டுவதற்கு ஏறினேன். மேடையில் அந்த இருவரும் எதிரில் மைக் இருப்பதை மறந்து பேசத் தொடங்கினார்கள். என் காதருகே குழாய் அலறியது.

"கல்யாண வீட்ல குழாய் கட்டிப் பாட்டு போடறதை சர்க்கார் தடை பண்ணணும். இன்னிக்கே தீர்மானம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இன்னா சார் இது? நெல்லு மூட்டையை வெளியூர் அனுப்பப் பர்மிட் வேணாம்னு இப்பதான் பேசப் போறேன். பாட்டுக்கும் பர்மிட்டா?" என்றார் முதலாளி.

"நெல்லு வேற, புள்ளைங்க படிப்பு வேற. பரீட்சை சமயத்துல காது கிழியுது."

"கல்யாண வீட்ல போய்ச் சொல்லுங்க, நிறுத்திடுவான்."

"சொன்னேனே! 'சாப்ட்டுப் போங்க சார்'னு இலை போடறான். பாட்டை நிறுத்த மாட்டேன்றான்."

தெருவே சிரித்தது. இருவரும் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கட்சிக் கூட்டம் எப்போதாவது வரும். என் வீட்டு அடுப்பு எரிந்தது கல்யாணப் பாட்டில்தான்.

பூக்கார அம்மா ஒருவர் கூட்டத்தில் எழுந்தார். "பாட்டு இல்லாம இன்னா கல்யாணம், வாத்தியாரய்யா? என் பையனும்தான் பத்தாவது எழுதறான். பரீட்சை மாசம் மட்டும் தெருவுல குழாய் வேணாம். பந்தலுக்குள்ள பெட்டி ஸ்பீக்கர் வச்சு மெதுவா போடட்டும். இதுக்குப் போலீசு எதுக்கு? மேல குந்தினு இருக்குதே அந்தத் தம்பி, அது கட்டுனாத்தானே கத்தும்?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "கட்ட மாட்டேங்க" என்றேன். கைதட்டலில் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வருஷம் பாக்கறேன். எவனாவது மீறினா தீர்மானம்தான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான் பொறுப்பு" என்றார் முதலாளி.

பரீட்சை மாதம் வந்தது. ஹெட்மாஸ்டர் நிம்மதியாக வீட்டில் பேப்பர் படித்தார். முதலாளிதான் சாயங்காலமானால் சைக்கிளில் தெருத் தெருவாகக் காது கொடுத்துக்கொண்டு சுற்றினார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த செட்காரர் கட்டிய குழாயை, கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இறக்க வைத்தார். பிறகு என் கடைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"சட்டம் வேணாம்னு சொன்னவனுக்குத்தான்யா வேலை ஜாஸ்தி!" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

தீர்மானம் வரவேயில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வால்யூமை நாமே குறைத்துவிட்டால், பாட்டை நிறுத்த யாரும் வர மாட்டார்கள்.