சைக்கிளை விட்டு இறங்கியவர்

எழுபதுகளின் கடைசியில், சனி ஞாயிறோடு ஓர் அரசு விடுமுறையும் சேர்ந்து வந்தது. நானும் அலுவலக நண்பர் ஒருவரும் மதுரையிலிருந்து தொண்டிக் கடற்கரைக்கு சைக்கிளில் போய்வந்தோம். தல்லாகுளத்தில் எங்கள் இருவருக்கும் குமாஸ்தா வேலை, அடுத்தடுத்த மேசை. என்னைவிட ஐந்து வயது இளையவர். மனைவி, கைக்குழந்தையோடு வில்லாபுரத்தில் என் தாய்மாமன் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார்.

அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். "நம்ம பையன்தான் மாமா" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். மாமா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நானும் நண்பரிடம் கேட்டதில்லை. படித்தவர், வெள்ளையாக உடுத்துகிறவர், அதனால் எங்களவராகத்தான் இருப்பார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

பூவந்தி தாண்டியதும் கண்மாய்க்கரை வழியாக ஊர்களுக்குள் புகுந்து போகலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மெயின் ரோட்டிலேயே போய்விடலாம், உள்ளே போனால் கருவேல முள் ஏறி டியூப் போய்விடும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் பிடிவாதமாக வண்டியைத் திருப்பினேன்.

வயல்வெளியில் அவர் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டினார். எனக்கு முன்னால் பறந்துபோய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முதல் ஊரின் எல்லை வந்ததும் இறங்கிவிட்டார். செயின் லூசாக இருக்கிறதாம். தலையைக் குனிந்தபடி கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டே வந்து, ஊர் முடிந்ததும் ஏறிக்கொண்டார். செயினைத் தொடக்கூட இல்லை. அடுத்த ஊரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்தப் பக்கம் யாரிடமாவது வம்பு வைத்திருக்கிறாரோ, யாருக்காவது முகத்தை மறைக்கிறாரோ என்று நினைத்தேன். அதன்பிறகு கண்மாயையும் கொக்கையும் நான் பார்க்கவில்லை. அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது ஊரில் அவர் காரணம் எதுவும் சொல்லாமல் இறங்கியபோது எனக்கு விளங்கிவிட்டது. மதுரைக்கு மேற்கே நிலபுலமுள்ள சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தெருவுக்குள் வரும்போது சிலர் அப்படித்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் அதட்ட வேண்டியதில்லை. இங்கே அவரை யாருக்கும் தெரியாது. அரசாங்க உத்தியோகஸ்தர் வேறு. அப்படியும் அவருடைய கால் தானாகவே தரைக்கு வந்துவிட்டது.

அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். மாமாவுக்குத் தெரிந்தால் என் வாக்கு என்னாகும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. உறுதி செய்துகொள்ள விரும்பினேன். அதற்காகவே அடுத்த ஊர் டீக்கடையில் நிறுத்தினேன். பெஞ்சுக்கு முன்னால் கண்ணாடி கிளாசுகள் இருந்தன. வெளியே பந்தல் காலில் நாலைந்து அலுமினிய டம்ளர்கள் கவிழ்ந்து தொங்கின. தனக்கு டீ வேண்டாம் என்றார். கேட்காமல் இரண்டு சொன்னேன்.

கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"மதுரைங்க."

"மதுரையில எல்லாருந்தான் இருக்காக. சொந்த ஊரக் கேட்டேன்."

நண்பர் என்னைப் பார்த்தார். என் தம்பி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பேச்சு முடிந்திருக்கும். நான், "எங்கூட வேலை பாக்குறாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

நண்பர் கிளாசை வாங்காமலே எழுந்து போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் அந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு என்னிடம் இரண்டு டீக்கும் காசு கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் தொண்டியில் கடல் குளம் மாதிரி அலையில்லாமல் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மாமாகிட்டச் சொல்லிருவீங்களாண்ணே?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"எட்டு வீடு கேட்டேண்ணே. ஒங்களாலதான் இது கெடச்சுச்சு. பிள்ளைக்கு இன்னும் தலகூட நிக்கல."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். திரும்பும்போது மெயின் ரோட்டிலேயே வந்தோம். அவர் எனக்குப் பின்னாலேயே ஓட்டிவந்தார்.

சத்தியத்தை நான் மீறவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் மாமா, "பயணமெல்லாம் எப்பிடி மாப்ள? பய நல்லாப் பழகுனானா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நல்ல பையன் என்றேன். பிறகு, "எதுக்கும் அவுக ஊர்ப்பக்கம் ஒரு வார்த்த விசாரிச்சுக்கங்க" என்றேன். விசாரிக்கச் சொன்ன அந்த நிமிடமே மாமாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. பதினைந்து நாளில், மகளுக்கு வீடு தேவைப்படுகிறது என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சாமான் ஏற்றிய அன்று நானும் போனேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பீரோவின் ஒரு முனையை நானும், மறுமுனையை அவருமாகப் பிடித்து வண்டியில் வைத்தோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மனைவி என்னிடம், "இம்புட்டுத் தொலவு வந்து ஒத்தாச பண்றீகளே" என்றார். அவர் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை கூடவே நடந்துவிட்டு நின்றுகொண்டேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் பக்கத்து மேசையில்தான் இருந்தார். புது வீடு எந்தத் தெருவில் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.