சனி மூலையில் கட்டிய கயிறு

சண்டைப் படத்தில் கார் துரத்தல் வந்தால் வண்டி சாலையில் ஓடாது. சந்தைக்குள் புகுந்து தக்காளி வண்டியைக் கவிழ்க்கும். பெரிய கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் சரியாக அந்த நேரத்தில்தான் குறுக்கே வருவார்கள். கதாநாயகன் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டுப் போய்விடுவான். தெருவில் உருளும் தக்காளியைப் பொறுக்குகிற பெண்ணை எந்தக் கேமராவும் திரும்பிப் பார்க்காது. கல்யாணமான நாளிலிருந்து இதையெல்லாம் பார்த்து எரிந்து விழுவது என் வழக்கம். என் வீட்டுக்காரருக்கோ இந்தப் படங்கள் என்றால் உயிர்.

"ஏங்க, அடியாளுங்க ஏன் ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்குறானுவோ? எல்லாரும் சேந்து அமுக்குனா என்னவாம்?" என்பேன்.

"சினிமாவுல போயி லாஜிக் பாக்குறியே. பேசாம இரு" என்பார்.

அந்தத் தக்காளிக்காரியின் இடத்தில் நானே நிற்க வேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

தஞ்சாவூருக்குக் கிழக்கே ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு வயல் இருக்கிறது. போன சம்பாவுக்கு அதில் ஒரு பழைய சிவப்பு நெல்லைப் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் அந்த ரகம் இல்லை. ஒரு கைப்பிடியில் தொடங்கி, வருஷா வருஷம் பெருக்கி, அப்போதுதான் ஒரு வயலுக்குத் தேறியிருந்தது. கையில் இருந்த விதை முழுவதையும் அதிலேயே இறக்கிவிட்டேன். கதிர் வந்ததும் உள்ளே இறங்கி, தலை நீட்டிக்கொண்டு நின்ற வேற்று ரகக் கதிரையெல்லாம் தேடித் தேடிப் பிடுங்கினேன். விதை நெல்லில் கலப்பு இருக்கக் கூடாது. அதனால் வயல் முழுக்கப் படிய வாரிய தலைபோல ஒரே மட்டமாக நின்றது. அந்த அழகுதான் வினையாக முடிந்தது.

மார்கழிக் கடைசியில் படப்பிடிப்புக்கு இடம் தேடி வந்த மேனேஜர் ஒருவர் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். இந்த மாதிரி மட்டமான வயலை எங்கேயும் பார்க்கவில்லை, துரத்தல் காட்சிக்கு இதுதான் வேண்டும் என்றாராம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் அங்கேயே சரி சொல்லிவிட்டு வந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

"நம்ம வயலு படத்துல வரப்போவுது, நீ என்னமோ மூஞ்சிய தூக்கி வச்சிருக்க."

"நெல்லு இன்னும் முத்தலீங்க. இப்ப மிதிச்சா விதைக்கு ஆவாது. அறுப்பு வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

கதாநாயகனின் தேதி அந்த வாரம்தான் என்றார்கள். நஷ்டத்துக்குப் பணம் தருகிறோம் என்றும் சொன்னார்கள். கடையில் கிடைக்காத விதையை அந்தப் பணத்தில் எங்கே போய் வாங்குவது? "ஜீப்பு நடுவால ஒரே ஒரு தடவை போவும்மா. ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கும்" என்று மேனேஜர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் பக்கத்தில் நடவோ அறுப்போ, வயலின் வடகிழக்கில் இருக்கும் சனி மூலையில்தான் தொடங்குவோம். அந்த மூலையில் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். ஓட்டுகிறவன் கண்ணில் படட்டும் என்று பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கயிற்றில் முடிந்துவைத்தேன். அந்த மூலை தப்பினால் போதும், அடுத்த வருஷத்துக்கு விதை உண்டு.

சினிமாக்காரர்கள் கடைசியில் வருவதை முதலில் எடுப்பார்கள். காலையில் கதாநாயகன் வரப்பில் கேமராவை நோக்கி நடந்து வந்தார். பின்னால் குண்டு வெடிக்குமாம், அதைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்களாம். வெடித்தாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டாராம். எடுத்து முடித்த பிறகுதான் கேமராமேன் திரையில் என் சிவப்புத் துணியைப் பார்த்தார். உதவி இயக்குநர் ஓடி வந்தார்.

"கயித்த எடுத்துடுங்கம்மா. ஒரு சீன்ல இருந்து இன்னொண்ணுல இல்லாமப் போனா கன்டினியூட்டி அடிபட்டுடும். ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. இதையும் கயிறு இல்லாம மறுபடி எடுத்துக்குறோம்."

கயிற்றை அவிழ்த்து எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஜீப் வந்தது. ஓட்டியவர் கதாநாயகன் இல்லை, அவரைப்போலவே சட்டை போட்ட டூப். முதல் ஓட்டம் பக்கத்திலிருந்து. இரண்டாவது முன்னாலிருந்து. பழைய தடம் தெரியக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் மிதிபடாத பயிர் வேண்டுமாம். மேலிருந்து ட்ரோனில் ஒன்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மத்தியானத்துக்குள் சனி மூலை மட்டும்தான் மிஞ்சியது.

"ஒரே ஒரு ஸ்லோ மோஷன்தாம்மா" என்றார் மேனேஜர்.

நான் போய் அந்த மூலைக்கு முன்னால் நின்றுகொண்டேன். மொத்த யூனிட்டும் பார்த்தது. வரப்பு நிறையக் கூடியிருந்த ஊரும் பார்த்தது. என் வீட்டுக்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்தார். "ஊரே பாக்குது. மானத்த வாங்காத, வா."

ஜீப் ஏறிப்போனது. அவர்கள் கிளம்பிய பிறகு அமுங்கிக் கிடந்த கதிரை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பால்தான் வந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது, ஜீப்பின் மேல்கூட இல்லை, என் கையைப் பிடித்து இழுத்த கையின் மேல்.

படம் வந்ததும் தஞ்சாவூர் தியேட்டருக்கு ஊரே திரண்டு போனது. இவர் என்னையும் விடாமல் அழைத்துப் போனார். ஜீப் வயலுக்குள் பாய்ந்தது. பக்கம், முன், மேல், சக்கரம் என்று வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாகத் தெரிந்தது. முழுசாகக் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தும் போனது. தியேட்டரே விசிலடித்தது. அடித்தவர்களில் பாதிப் பேர் நெல் விளைவிக்கிறவர்கள். இவரும் அடித்தார்.

பிறகு குண்டு வெடித்தது. கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் என் வயல் ஒரு கதிர் சாயாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் மூலையில் என் கயிறு, அதில் சிவப்புத் துணி.

நான் இவர் கையைப் பிடித்து உலுக்கினேன். "பாருங்க, கயிறு! எடுத்தாவணும்னாங்களே, அந்தக் கயிறு!"

"எங்க?" என்றார் திரையைப் பார்த்தபடியே. "அதெல்லாம் யாரு பாக்கப்போறா."